நிலங்காக்கும் ஆய்வுக் குழுக்களும் நம் மக்களும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் எத்தனை பிள்ளைகள் தேர்ச்சி பெற்றனர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர் என்று கணக்குக் கூறுதல் மரபு. அக்கணக்கைச் செயலாளர் அவர்கள் காலையிலேயே செவ்வனே எடுத்துரைத்துவிட்டார்கள். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஒரு வட்டாரத்தின் நிலத்தையும் காட்டையும் நீரையும் காக்கும் வழி யாது என ஆராய அரசு அமைக்கும் குழுக்கள் எவ்வாறு உருவாகின்றன, அவற்றில் யார் அமர்கின்றனர், யார் உழைக்கின்றனர் என்பதே அது. கல்விக் கழக விழாவில் இதற்கென்ன இடம் என்று சிலர் எண்ணலாம். இவ்வுரை முடியும்போது அந்த ஐயம் நீங்கும் என நம்புகிறோம்.

நம் மக்களுக்கு நிலமே முதற் கேள்வி. நமக்கென நிலம் வந்ததற்கும் ஓர் அறிக்கையே காரணமாயிற்று. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் என்பார் 1891இல் அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைமையை ஆராய்ந்து அரசுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். உழுபவனுக்கு உழும் நிலமும் இல்லை, குடியிருக்கும் மனையும் சொந்தமில்லை. தரிசு நிலத்தைக் கேட்டால் மிராசுதாரர்க்கே முதலுரிமை. ஆதலின் அடிமைத்தளை அறுந்தும் அறாததாகவே உள்ளது என்பது அக்குறிப்பின் சாரம். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30இல் வருவாய்த்துறை ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் வழங்கும் நிலங்கள் அதன் வழி வந்தவையே. பன்னிரண்டு இலட்சம் ஏக்கர் எனப் பொதுவாகக் கூறுவர். பத்தாண்டு வரை விற்கக் கூடாது, பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்குக் கைமாறக் கூடாது என்னும் நிபந்தனைகளும் இருந்தன. அவ்வளவு தெளிவாக எழுதியும் நிலம் நம் கையில் நிற்கவில்லை. அதை மீட்கக் கேட்டவர்களில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் 1994 அக்டோபர் 10இல் செங்கற்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர்.

இவ்வரலாறு நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. ஓர் அறிக்கை ஒரு சமுதாயத்தின் வாழ்வை மாற்றவல்லது என்பது ஒன்று. அறிக்கையை எழுதும் இடத்திலும், நிறைவேற்றும் இடத்திலும், கண்காணிக்கும் இடத்திலும் நாம் இல்லையேல் பயன் நிலைக்காது என்பது மற்றொன்று.

குழு என்பது யாது?

செய்தித்தாள்களில் ஆணையம், ஆணைக்குழு, வல்லுநர் குழு, பணிக்குழு என்று பல பெயர்களைக் காண்கிறோம். பெயரால் மயங்குதல் கூடாது. எந்த அதிகாரத்தின் கீழ்ப் பிறந்தது என்பதே ஒரு குழுவின் வலிமையைக் காட்டும்.

முதல் வகை, 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டத்தின் கீழ் அமைவது. சாட்சிகளை அழைக்கவும், ஆவணங்களை வரவழைக்கவும், உறுதிமொழி பெற்று விசாரிக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளரின் கோரிக்கைகளுக்காக 1999 சூலை 23இல் திருநெல்வேலியில் நடந்த பேரணியில் 17 உயிர்கள் தாமிரபரணிக் கரையில் மாண்டபோது, நீதியரசர் எஸ். மோகன் தலைமையில் அமைந்தது இவ்வகை ஆணையமே. இரண்டாம் வகை, அரசியலமைப்புச் சட்டத்திலேயே இடம் பெற்றது. 338ஆம் பிரிவின்படி இயங்கும் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் இதற்குச் சான்று. மூன்றாம் வகை, ஓர் அமைச்சகம் தன் நிருவாக ஆணையால் அமைக்கும் வல்லுநர் குழு. இதற்கு எவரையும் கட்டாயப்படுத்தி அழைக்கும் அதிகாரம் இல்லை. பரிந்துரைக்கலாம், ஏற்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம்.

நிலங்காப்பு ஆய்வுகளில் பெரும்பாலானவை இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. அதிகாரம் இல்லையே என்று அவற்றை எளிதாக எண்ணிவிடலாகாது. அவை வரையும் கோடே பின்னாளில் அரசிதழில் எல்லையாகிறது. அவை வைக்கும் பெயரே சட்டத்தில் வகையாகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலைக் குழு

பொதுப்படப் பேசுவதினும் ஒரு சான்றை எடுத்து விளக்குதல் நலம். தபதி ஆற்றின் தென்புறம் தொடங்கிக் கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையை எடுத்துக்கொள்வோம். குசராத்து, மராட்டியம், கோவா, கருநாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய ஆறு மாநிலங்கள் இம்மலையைப் பகிர்ந்துகொள்கின்றன. காவிரியும் தாமிரபரணியும் வைகையும் இம்மலையின் மக்கள். மலையில் மரம் விழுந்தால் சமவெளியில் உழவன் வயிறு காயும்.

இம்மலையைக் காக்க வேண்டும் என்னும் குரலை முதலில் எழுப்பியது அரசன்று. 1987இன் இறுதியில் தொடங்கி 1988 வரை, தொண்டர் குழுக்கள் மலையின் இரு முனைகளிலிருந்தும் நடந்து கோவாவில் ஒன்று கூடின. பின்னர் 2010 பிப்ரவரியில் நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் மேற்குத் தொடர்ச்சி மலை காப்போர் மாநாடு கூடியது. அப்போதைய மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர் செயராம் ரமேசு அதில் கலந்துகொண்டார். அதனையடுத்து 2010 மார்ச்சு 4ஆம் நாள் மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. ஆக, தமிழ்நாட்டு மலையூர் ஒன்றில் கூடிய கூட்டத்தின் தொடர்ச்சியாகவே அக்குழு பிறந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். கூடிப் பேசுதல் வீண் என்பார்க்கு இது விடை.

ஒரு குழுவின் உயிர்நிலை அதன் பணிவரம்பு. எதை ஆராய வேண்டும், எதைப் பரிந்துரைக்க வேண்டும், எப்போது முடிக்க வேண்டும் என்று ஆணையில் எழுதப்படும் வரிகளே பணிவரம்பு. இக்குழுவிற்கு இடப்பட்ட கடமைகளுள் தலையாயவை நான்கு. மலையின் சூழல்நிலையை மதிப்பிடுதல். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி அறிவிக்கத்தக்க நுண்ணுணர்வுப் பகுதிகளை வரையறுத்தல். மாநில அரசுகளையும் மக்களையும் கலந்து காப்புக்கும் மீட்புக்கும் வழி கூறுதல். மலைக்கென ஓர் ஆணையம் அமைக்கும் முறையை வகுத்தல். பின்னர் அதிரப்பள்ளி, குண்டியா நீர்மின் திட்டங்களைப் பற்றியும், இரத்தினகிரி, சிந்துதுர்க்கம் மாவட்டங்களைப் பற்றியும் கருத்துரைக்குமாறு கூடுதலாகப் பணிக்கப்பட்டது. பணிவரம்பில் இல்லாத பொருளைக் குழு பேசினாலும் அது பக்கத்துக் குறிப்பாகவே நின்றுவிடும். ஆகவே நம் கோரிக்கை ஒன்று ஆய்வுக்கு வர வேண்டுமாயின், குழு அமையும் முன்னரே அது பணிவரம்பில் ஏற வேண்டும். குழு அமைந்தபின் மனுக் கொடுப்பது அறுவடை முடிந்தபின் விதைக்கச் செல்வதை ஒக்கும்.

உறுப்பினர் யாவர்?

தலைவர் உட்பட 14 பேர் அக்குழுவில் இடம் பெற்றனர். தலைவர் பேராசிரியர் மாதவ் காட்கில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் மையத்தைத் தோற்றுவித்த அறிஞர். யானைகளைப் பற்றிய ஆராய்ச்சியில் பெயர் பெற்ற இரா. சுகுமார், வேளாண் அறிஞர் கணேசய்யா, பறவையியலாளர் வி.எஸ். விசயன், சூழலியல் அறிஞர் ரெனே போர்ஜஸ், பொருளியல் அறிஞர் லிஜியா நொரோனா, உதகையைச் சேர்ந்த வழக்கறிஞர் பி.ஜே. கிருட்டினன் முதலியோர் உறுப்பினராயினர். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தேசியப் பல்லுயிர் ஆணையம், அகமதாபாத்து விண்வெளிப் பயன்பாட்டு மையம் ஆகியவற்றின் தலைமைப் பொறுப்பினர் பதவி வழி உறுப்பினராயினர். அமைச்சகத்தின் ஆலோசகர் ஒருவர் உறுப்பினர்-செயலராகப் பணியாற்றினார்.

இந்த அமைப்பைச் சற்று உற்று நோக்குவோம். ஏறக்குறைய எல்லா ஆய்வுக் குழுக்களும் இவ்வாறே மூன்று அடுக்குகளாக அமைகின்றன. தம் புலமையால் அழைக்கப்பெறும் வல்லுநர் முதல் அடுக்கு. தாம் வகிக்கும் பதவியால் இடம்பெறும் அலுவலர் இரண்டாம் அடுக்கு. மக்கள் இயக்கங்களிலிருந்து அழைக்கப்பெறும் பொதுநலத் தொண்டர் மூன்றாம் அடுக்கு. இம்மூன்றையும் இணைக்கும் நூல் உறுப்பினர்-செயலர். கூட்டத்தின் நாளைக் குறிப்பவர், நிகழ்ச்சிக் குறிப்பை எழுதுபவர், எவருக்கு எந்தக் கடிதம் செல்ல வேண்டும் என முடிவு செய்பவர் அவரே. தலைவர் பெயரால் குழு அறியப்படும். செயலர் கையால் குழு நடைபெறும்.

பணியாளரும் பணிமுறையும்

உறுப்பினர் பெரும்பாலும் வேறு பணிகளில் உள்ளவர். மாதத்தில் சில நாள்களே குழுவுக்கு ஒதுக்க இயலும். எஞ்சிய நாள்களில் உழைப்பவர் யார்? ஆய்வு உதவியாளர், நிலப்படம் வரையும் கணினிப் பணியாளர், செயற்கைக்கோள் படங்களைப் படித்தறிவோர், புள்ளிவிவரத்தார், களப் பணியாளர், சுருக்கெழுத்தர், தட்டச்சர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரே அவர்கள். அறிக்கையின் முன்னுரையில் நன்றி கூறும் பகுதியில் ஒரு வரியில் இவர்கள் பெயர் வரும். ஆனால் எந்த ஊரை எந்தக் கட்டத்தில் வைப்பது, எந்தக் கணக்கை எந்தப் பத்தியில் நிரப்புவது என்பதை முதலில் செய்யும் கை இவர்களுடையது.

இக்குழு 14 முறை கூடியது. 42 ஆய்வுக் கட்டுரைகளை அறிஞர்களிடம் எழுதி வாங்கியது. அரசுத் துறையினருடன் 8 முறையும், மக்கள் அமைப்புகளுடன் 40 முறையும் கலந்துரையாடியது. 14 களப் பயணங்களை மேற்கொண்டது. 1,29,037 சதுர கிலோமீட்டர் பரப்பினை, பக்கம் ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் கொண்ட கட்டங்களாகப் பகுத்தது. ஒவ்வொரு கட்டத்திலும் காட்டின் அடர்த்தி, நிலத்தின் உயரம், சரிவின் அளவு, ஆற்றோரக் காடு, அவ்விடத்துக்கே உரிய தாவரம் முதலியவற்றைக் கணக்கிட்டு மதிப்பெண் இட்டது. அம்மதிப்பெண்களைக் கொண்டு நுண்ணுணர்வு மிக்கது, நடுத்தரம், குறைந்தது என மூன்று மண்டலங்களாக வகுத்து, எந்தெந்த வட்டம் எம்மண்டலத்தில் அடங்கும் எனப் பட்டியலிட்டது. 2011 ஆகத்து 31இல் அறிக்கையை அமைச்சகத்திடம் அளித்தது.

தான் வரைந்த கோடு முடிந்த முடிபு என அக்குழு கூறவில்லை. அறிக்கையை வட்டார மொழிகளில் பெயர்த்து ஊராட்சிகளுக்கு அனுப்ப வேண்டும், கிராம சபைகளின் கருத்தைக் கேட்டு எல்லையைத் திருத்த வேண்டும் என்று எழுதியது. அவ்வெண்ணம் பாராட்டுக்குரியது. நடந்ததோ வேறு.

அறிக்கையின் பயணம்

ஆங்கிலத்தில் அமைந்த அவ்வறிக்கை மாதக்கணக்கில் வெளியிடப்படாமலே இருந்தது. கேரளத்தைச் சேர்ந்த ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டார். மறுக்கப்பட்டது. அவர் மேல்முறையீடு செய்தார். 2012 ஏப்பிரலில் மத்தியத் தகவல் ஆணையம் வெளியிடுமாறு ஆணையிட்டது. தில்லி உயர் நீதிமன்றமும் அதற்குத் தடை விதிக்க மறுத்தது. அதன் பின்னரே 2012 மே மாதத்தில் அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்தது. ஆறு மாநில மலைகளின் எதிர்காலத்தைக் கூறும் ஓர் ஏடு, ஒரு தனி மனிதரின் மனுவால் வெளிவந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் எழுதப்படும் ஒரு மனுவின் ஆற்றலை நம் மாணவர் இதனின்றும் அறிய வேண்டும்.

காலம் கடந்து வந்த அறிக்கைக்கு முன்னரே வதந்தி வந்துவிட்டது. வீடு கட்டவொட்டார், பயிர் செய்யவொட்டார், மலையை விட்டு இறக்கிவிடுவர் என்று பேச்சுப் பரவிற்று. படிக்காதவர் அஞ்சினர், படித்தறிந்த சிலர் அந்த அச்சத்தைப் பயன்படுத்திக்கொண்டனர். அமைச்சகத்துக்கு வந்த ஏறத்தாழ 1,750 கருத்துரைகளுள் 81 விழுக்காடு எதிர்ப்புரைகள். அவர்களுள் எத்தனை பேர்க்குத் தம் தாய்மொழியில் அவ்வறிக்கையைப் படிக்கும் வாய்ப்புக் கிட்டியிருக்கும்?

இரண்டாம் குழு

2012 ஆகத்து 17இல், முதற் குழுவின் அறிக்கையை ஆராய முனைவர் க. கத்தூரிரங்கன் தலைமையில் பத்துப் பேர் கொண்ட உயர்நிலைப் பணிக்குழு ஒன்று அமைந்தது. அவர் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராகவும் அப்போது திட்டக்குழு உறுப்பினராகவும் விளங்கியவர். 2013 ஏப்பிரல் 15இல் அறிக்கை அளிக்கப்பட்டது.

இரண்டு குழுக்களையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். முதற் குழு மலையின் பரப்பினை 1,29,037 சதுர கிலோமீட்டர் என்றது. இரண்டாம் குழு 1,64,280 என்றது. முதற் குழு கட்டங்களையும் வட்டங்களையும் அலகாகக் கொண்டது. இரண்டாம் குழு செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு ஊரினை அலகாக்கியது. முதற் குழு மலை முழுவதையும் தரம் பிரித்துக் காக்க விரும்பியது. இரண்டாம் குழு, மக்கள் குடியிருந்து பயிர் செய்யும் நிலம் 60 விழுக்காடு எனப் பிரித்துவிட்டு, எஞ்சிய இயற்கை நிலத்தில் ஏறக்குறைய 60,000 சதுர கிலோமீட்டரை, அதாவது 4,156 ஊர்களை, நுண்ணுணர்வுப் பகுதி என்றது. அவற்றுள் தமிழ்நாட்டு ஊர்கள் 135. பரப்பு 6,914 சதுர கிலோமீட்டர்.

மலை ஒன்றே, ஆயினும் அளப்பவரும் அளவுகோலும் மாறியபோது அதன் பரப்பும் மாறிற்று, காக்க வேண்டிய பகுதியும் மாறிற்று. எவரும் பொய் சொல்லவில்லை. எதை அளப்பது என்னும் முடிவிலேயே பாதித் தீர்ப்பு அடங்கிவிடுகிறது. அந்த முடிவை எடுக்கும் மேசையில் யார் அமர்கின்றனர் என்பது அதனாலேயே முதன்மையான கேள்வியாகிறது.

இவ்வறிக்கையின் அடிப்படையில் 2014 மார்ச்சு 10இல் 56,825 சதுர கிலோமீட்டருக்கு வரைவு அறிவிக்கை வெளியாயிற்று. மாநிலங்கள் மறுத்தன, காலக்கெடு கடந்தது, மீண்டும் வரைவு, மீண்டும் மறுப்பு. 2022இல் மற்றுமொரு குழு அமைக்கப்பட்டது. 2024 சூலை 31இல் மறுபடியும் ஒரு வரைவு வெளிவந்தது. அதற்கு முந்தைய நாள் விடியலுக்கு முன், வயநாட்டு மேப்பாடி ஊராட்சியில் முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களை மலைச்சரிவு வாரிச் சென்றது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வூர்கள் அடங்கிய வைத்திரி வட்டத்தை முதற் குழு 2011இலேயே நுண்ணுணர்வு மிக்க மண்டலத்தில் வைத்திருந்தது.

பட்டியலில் இல்லாதவர்

இனி நம் நெஞ்சை உறுத்தும் செய்திக்கு வருகிறோம். 2020 ஆகத்து 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத்து லயங்களை மூடியது. 70 பேர் மறைந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். கயத்தாற்றுப் பகுதியிலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பங்களின் வழியினர். பெரும்பாலும் நம் மக்கள். தாம் வாழ்ந்த வீடு தமதன்று, நின்ற நிலம் தமதன்று. அந்த இடத்தில் வீடு கட்டலாமா என அவர்களை எவரும் கேட்டதில்லை. வேறிடம் செல்ல அவர்க்கு வேறு நிலமும் இல்லை. பிழைப்புத் தேடி மலையேறினர். மலையே அவர்களை மூடிற்று.

மாஞ்சோலையைப் பாருங்கள். 1929இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2028இல் முடிகிறது. காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவர் நம் முன்னோர். நான்கு தலைமுறை கழிந்தபின் அந்நிலம் புலிகள் காப்பகத்தின் காடு. 2024இல் தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டது. காடு காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. காட்டை அழிக்கச் சொன்னவர் இலாபத்தோடு சென்றார். அழித்த கூலியாள் வெறுங்கையோடு இறங்குகிறார். இந்தக் கணக்கை எந்தக் குழுவின் எந்தப் பட்டியல் எழுதியது? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும், பழங்குடியல்லாதார் உரிமை கோரினால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்த சான்றினைக் கேட்கிறது. லயத்தில் பிறந்து லயத்தில் மடிந்தவர்க்குச் சான்று தருவார் யார்?

சில ஆண்டுகளுக்கு முன், நம் விடுதி மாணவர் சிலரின் பெற்றோரைக் காண மலைத் தோட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். மண்டலம் பிரித்து வண்ணமிட்ட நிலப்படம் ஒன்றின் படி எங்களிடம் இருந்தது. அதனை விரித்து, இது காடு, இது ஆறு, இது நுண்ணுணர்வு மண்டலம் என்று விளக்கினோம். முப்பதாண்டுக்கு மேல் கொழுந்து பறித்த ஓர் அம்மையார் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், “தம்பி, காட்டுக்கு ஒரு கலரு சொன்னீங்க, ஆத்துக்கு ஒரு கலரு சொன்னீங்க. எங்க லைன் வீடு இதுல என்ன கலரு?” என்று கேட்டார். நாங்கள் தேடினோம். ஒன்பது கிலோமீட்டர்க் கட்டம் ஒன்றினுள் அவர் வாழ்ந்த மலையே அடங்கிவிட்டது. வீடு எங்கே தெரியும்? விடை கூற இயலாமல் படத்தை மடித்துவிட்டோம். அவரோ எங்களுக்குக் கருப்பட்டித் தேநீர் கொடுத்து வழியனுப்பினார்.

இதனால் அறிஞர்களைக் குறை கூறுவதாகக் கொள்ளலாகாது. அவர்கள் தம் துறையறிவை நேர்மையாக அளித்தனர். பழங்குடியினர்க்கும் பொதுமக்கள் அமைப்பினர்க்கும் வருங்கால ஆணையத்தில் இடம் வேண்டும் என்றும் எழுதினர். ஆயினும் 14 பேர் பட்டியலில் தோட்டத் தொழிலாளர் ஒருவரும் இல்லை. சரிவின் கோணத்தைக் கணக்கிட வல்லார் இருந்தனர். அச்சரிவில் மழை இரவில் உறங்காமல் விழித்திருந்தவர் இல்லை. முன்னதும் அறிவே, பின்னதும் அறிவே. இரண்டும் ஒரு மேசையில் கூடும்போதுதான் ஆய்வு நிறைவுறும்.

நம் பங்கும் இதில் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. கடந்த 25 ஆண்டுகளில் நம் கழகத்துப் பிள்ளைகளை ஆசிரியராகவும், எழுத்தராகவும், செவிலியராகவும், காவலராகவும், பொறியாளராகவும் ஆக்கினோம். நன்றே செய்தோம். ஆனால் மண்ணியல் படித்தவர், நில அளவையியல் படித்தவர், சூழலியல் படித்தவர் நம்மிடையே எத்தனை பேர் என்று எண்ணினால் விரல்கள் மிஞ்சுகின்றன. மண்ணோடு பிறந்து மண்ணில் உழைத்த நாம், படிப்பு என்றதும் மண்ணை விட்டு ஓடுவதே உயர்வு எனக் கருதினோம். அதற்குக் காரணம் உண்டு. மண் நமக்கு இழிவையே தந்தது. ஆயினும் நாம் விட்டுச் சென்ற மண்ணைப் பற்றிப் பிறர் முடிவு செய்கின்றனர்.

நாம் செய்ய வேண்டுவன

கழகத்தின் முன் மூன்று கருத்துகளைப் பணிவுடன் வைக்கிறோம்.

முதலாவது, உதவித்தொகை. வெள்ளி விழா நிதியின் ஒரு பகுதியை நிலவியல், மண்ணியல், காட்டியல், நீரியல், நிலப்படக் கணினியியல், புள்ளியியல், மானிடவியல், நிலச் சட்டம் ஆகிய துறைகளைக் கற்போர்க்கென ஒதுக்க வேண்டும். குழுவின் தலைவராவதற்கு நாற்பதாண்டு உழைப்பு வேண்டும். ஆய்வு உதவியாளராவதற்கு ஒரு பட்டமும் களத்தில் நடக்கும் காலும் போதும். படியின் அடியில் கால் வைக்காமல் மேல்படியை அடைந்தவர் இல்லை.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. சுற்றுச்சூழல் விதிகளின்படி வரைவு அறிவிக்கை வெளியான நாள் முதல் 60 நாள்களுக்குள் எவரும் தம் கருத்தைத் தெரிவிக்கலாம். ஆனால் அந்த ஏடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவினை 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. ஆயினும் நீதிமன்றம் ஒவ்வொரு முறையும் வந்து நிற்காது. நம் ஆசிரியர் ஐவரும் மாணவர் ஐவரும் கூடினால், வரைவு ஒன்றைப் பத்தே நாளில் எளிய தமிழில் ஆக்கி மலையூர்களுக்குக் கொண்டுசெல்லலாம். எஞ்சிய ஐம்பது நாளில் ஐந்நூறு மனுக்கள் எழுதலாம். வதந்திக்கு மாற்று மருந்து வாசிப்பே.

மூன்றாவது, ஊர்க் குறிப்பேடு. தோட்டத்திலோ புறம்போக்கிலோ பஞ்சமி நிலத்திலோ வாழும் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் எந்த ஆண்டில் எங்கிருந்து வந்தது, எங்குக் குடியிருந்தது, எந்தச் சான்று கையில் உள்ளது என மாணவர் விடுமுறையில் சென்று எழுத வேண்டும். பழைய கூலிச் சீட்டு, பள்ளிச் சான்று, குடும்ப அட்டை, ஞானஸ்நானப் பதிவு, கல்லறைக் கல்லின் ஆண்டு ஆகிய அனைத்தும் சான்றே. எந்த வாய்க்கால் எப்போது உடைந்தது, எந்தச் சரிவில் எந்த மழையில் மண் பெயர்ந்தது என்பதை முதியோர் வாய்மொழியாகக் கேட்டு எழுத வேண்டும். நாளை ஓர் ஆய்வுக் குழு வரும்போது நாம் வெறும் கண்ணீரோடு நிற்கலாகாது. ஏட்டோடு நிற்க வேண்டும். கண்ணீரைக் குழு நிகழ்ச்சிக் குறிப்பில் ஏற்றாது. ஏட்டை ஏற்றியாக வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் பொருளியலும் சட்டமும் கற்றதோடு நில்லாமல், 1918இல் இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1920களின் பிற்பகுதியில் சைமன் குழுவின் முன் சான்றுரைத்தார். பிறர் அமைத்த குழுவின் முன் புள்ளிவிவரத்தோடு நின்றார். பின்னர் அரசியலமைப்பு வரைவுக் குழுவிற்குத் தாமே தலைவரானார். சான்றுரைப்பவராகத் தொடங்கித் தலைவராக உயர்ந்த அவ்வழியே நம் வழி.

அன்பிற்குரிய மாணவச் செல்வங்களே, இக்கழகம் பொன்விழாக் காணும் நாளில் நீங்கள் நடுவயதினராய் இருப்பீர்கள். அன்றும் மலைகளுக்கும் ஆறுகளுக்கும் குழுக்கள் அமையும். அப்பட்டியலில் நம் விடுதியில் உண்டு வளர்ந்த ஒருவர் பெயரேனும் இருத்தல் வேண்டும். அவர் நிலப்படத்தை விரிக்கும்போது, காட்டுக்கும் ஆற்றுக்கும் வண்ணம் தீட்டிய பின், லைன் வீட்டுக்கும் ஒரு வண்ணம் தீட்டுவார். அந்த அம்மையார் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு விடை கிடைக்கும். அந்த விடைக்காகவே இக்கழகம் இன்னும் ஒரு கால் நூற்றாண்டு உழைக்கட்டும் என வாழ்த்தி அமைகிறோம்.